மாமாவின் இங்கிலீஷ்

என் மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு வார்த்தை கூடத் தெரியாது. இதை நான் ஒன்பது வயதிலேயே கண்டுபிடித்து வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண் பிள்ளைக்கு வாய் அதிகம் என்று சொல்லிச் சாணி அள்ள அனுப்பினார்கள். நான் சொன்னது சரி. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் அந்தத் தெரியாத இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்குக் கோபம் பாதியும் சிரிப்பு பாதியுமாக வருகிறது. வயதாக ஆகச் சிரிப்பு கொஞ்சம் கூடிக்கொண்டு போகிறது.

மாமா என்றால் அம்மாவுக்கு நேர் தம்பி. எங்கள் ஊர் பாகூர் கொம்யூனில், செலியமேட்டுப் பக்கம். பிரெஞ்சுக்காரன் ஆட்சி. ஆனால் தெற்கே ஆற்றைத் தாண்டினால் கடலூர், அது இங்கிலீஷ்காரன் ஊர். வடக்கே புதுச்சேரிக்குப் போனாலும் நடுவில் இங்கிலீஷ்காரன் நிலம் குறுக்கே வரும். எங்கள் கரும்பு வயலின் ஒரு வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு ராஜ்யம். நண்டு போகலாம், வரலாம். மனுஷன் வண்டி கட்டிக்கொண்டு போனால் சுங்கச் சாவடியில் நிறுத்துவார்கள்.

அப்பா வெல்லம் காய்ச்சிக் கடலூருக்கு ஏற்றிப் போவார். ஒரு மாசி மாதம் சாவடியில் அவர் வண்டியைத் தப்பான வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அங்கே எல்லாம் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தது. அப்பாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். வரிசை நகர்ந்து அவர் முறை வந்ததும், போய்ப் பலகையைப் படித்துவிட்டு வா என்று கையைக் காட்டினானாம் சாவடிக்காரன். அவனும் தமிழன்தான். என் அப்பாவிடம் தமிழில் நாலு வார்த்தை பேசினால் அவன் குல்லாய் கீழே விழுந்துவிடும். வெயில் ஏறி மூட்டைக்குள் வெல்லம் இளகிச் சாக்கின் வழியாக ஒழுகியது. மாடுகள் தண்ணீருக்கு நாக்கைத் தொங்கப்போட்டன. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்த அப்பா மாட்டைக் கழுவினார். கழுவி முடித்து, என் பெரிய பெண்ணை இங்கிலீஷ் படித்தவனுக்குத்தான் கொடுப்பேன் என்று அம்மாவிடம் சொன்னார்.

அந்தப் பெரிய பெண் என் அக்கா. பத்தொன்பது வயது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வயது. ஊர் வாயில் விழ ஆரம்பித்திருந்தாள். அவளை மாமாவுக்குத்தான் கொடுப்பது என்று அவள் பிறந்த நாளிலிருந்து பேச்சு. அக்காள் மகள், தாய்மாமன், யார் குறுக்கே வர முடியும் என்று அம்மா தைரியமாக இருந்தாள். இப்போது அப்பாவே குறுக்கே வந்து நின்றார். கடலூர் கோர்ட்டில் குமாஸ்தா வேலை பார்க்கும் ஒரு பையனைத் தரகர் சொல்லியிருந்தார். மெட்ரிகுலேஷன் தேறினவன். வெள்ளைக்கார ஜட்ஜுக்கு எதிரில் நின்று இங்கிலீஷில் பதில் சொல்கிறவன்.

அம்மா அழுதாள். தலைவலி என்று துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள். அக்கா உலக்கையை எடுத்துக்கொண்டு நெல் குத்தப் போனாள். அவள் எப்போதுமே ஒன்றும் சொல்ல மாட்டாள். எங்கள் வீட்டில் அவள் பங்கு பேச்சையும் நான்தான் பேசினேன்.

விஷயம் தெரிந்ததும் மாமா புதுச்சேரியிலிருந்து வந்து, எனக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று சொன்னார்.

அவர் புதுச்சேரியில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பாதிரி பிரெஞ்சோடு சேர்த்து லத்தீனும் கொஞ்சம் கிரேக்கமும் பையன்கள் மண்டையில் ஏற்றுவாராம். பள்ளி முடிக்கிற பிரெவே பரீட்சையில் மாமா தோற்றார். மறுபடி எழுதி மறுபடி தோற்றார். கணக்கில் போய்விட்டது என்பார். பரீட்சை போனது, பாதிரி ஏற்றினது மட்டும் இறங்கவில்லை.

அதை வைத்துத்தான் அவர் இந்த இக்கட்டில் பிழைத்தார். இங்கிலீஷ்காரனுக்குச் சொந்தச் சரக்கு கொஞ்சம்தான் என்பது அவர் கட்சி. எப்போதோ ஒரு காலத்தில் பிரெஞ்சு பேசுகிற ராஜா ஒருவன் கடல் தாண்டிப் போய் அந்த ஊரைப் பிடித்து உட்கார்ந்தான். அவனோடு அவன் சொற்களும் போய் உட்கார்ந்துகொண்டன. அதற்குப் பிறகும் புதிதாக ஒன்றுக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் அங்கே படித்தவர்கள் லத்தீனிலும் கிரேக்கத்திலும் வேரைத் தோண்டி எடுத்து ஒட்டினார்கள். ஆகவே பிரெஞ்சு தெரிந்து வேரும் தெரிந்தவனுக்கு இங்கிலீஷை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

"அவன் வூட்டுல இருக்கிறதுல பாதி நம்ம வூட்டு சாமான்தான்" என்பார். நம்ம என்று அவர் சொன்னது பிரெஞ்சுக்காரனை. எங்கள் பக்கம் நாலெழுத்துப் படித்தவர்களுக்கு அந்த வியாதி அப்போது இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, வித்தை நன்றாகத்தான் இருந்தது. பிரெஞ்சில் சில எழுத்துகளுக்குத் தலைமேல் கூரை மாதிரி ஒரு குறி போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அதைத் தொப்பி என்போம். தொப்பி எங்கே இருக்கிறதோ அங்கே ஓர் 'எஸ்' ஒளிந்திருக்கிறது, பிரெஞ்சுக்காரன் அதைத் தின்றுவிட்டான், இங்கிலீஷ்காரன் தின்னாமல் வைத்திருக்கிறான் என்று மாமா சொன்னார். தொப்பியை எடுத்து எஸ்ஸைப் போட்டால் 'ஒப்பித்தால்' ஹாஸ்பிடல் ஆனது. 'ஃபொரே' ஃபாரஸ்ட் ஆனது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. 'எக்கோல்' என்று நான் தினம் போய்க்கொண்டிருந்த இடம்தான் கடலூர்ப் பிள்ளைகள் போகிற ஸ்கூல் என்று தெரிந்தபோது, இரண்டு பேரையும் ஒரே பிரம்பால்தான் அடிக்கிறார்களா என்று கேட்டேன்.

லத்தீனில் கைக்கு 'மானுஸ்' என்றார். அதனால்தான் கடலூரிலிருந்து வருகிற எல்லாப் பெட்டியிலும் 'மானுஃபாக்' என்று ஆரம்பிக்கிற நீளமான சொல் இருக்கிறது, கையால் செய்தது என்று அர்த்தம். நாமும் சர்க்கார் கச்சேரியில் கை நீட்டிக் கொடுக்கிறோமே மனு, அதுவும் அதேதான் என்று சேர்த்துக்கொண்டார். இது சுத்தப் பொய். அப்போது நம்பினேன். பாகூரில் பாய் கடையில் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. கிராமபோன் என்றால் கிராமத்துக்காரர்களுக்காகச் செய்தது என்று நான் நினைத்திருந்தேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். கிரேக்கத்தில் 'கிராம்மா' என்றால் எழுத்து, 'ஃபோனே' என்றால் குரல், குரலை எழுதி வைக்கிற பெட்டி என்றார். அப்படியானால் தந்தி அடிக்கிற டெலிகிராப்? தூரத்தில் எழுதுவது. எனக்கு ராத்திரி படுத்தாலும் சொற்கள் துண்டு துண்டாகக் கழன்று ஓடின.

மாமா போனதும் அக்கா என்னைப் பிடித்துக்கொள்வாள். மாமாவுக்கு எதிரில் அவள் வர மாட்டாள். சமையல் கட்டில் உலக்கை போட்டுக்கொண்டிருப்பாள், அவர் பேசினால் உலக்கைச் சத்தம் நின்றுவிடும். பிறகு என்னிடம் கேட்பாள்.

"இன்னாடி சொன்னாரு? மறுபடி சொல்லு."

நான் மானுஸ், ஃபோனே என்று ஒப்பிப்பேன். அவள் அதையே முனகிக்கொண்டு நெல் குத்துவாள். பிறகு, சொல்லும்போது சிரித்தாரா, சட்டை என்ன நிறம், இளைத்துப்போயிருக்கிறாரா என்றெல்லாம் கேட்பாள். இங்கிலீஷ் படிக்க வந்தவள் சட்டை நிறத்தை எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அப்பா மாமாவை உடனே நம்பிவிடவில்லை. அடுத்த முறை வெல்லம் ஏற்றியபோது வண்டியில் மாமாவையும் ஏற்றிக்கொண்டார். நான் அழுது அடம் பிடித்து மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். சாவடியில் இரண்டு பலகை. மாமா இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இரண்டையும் பார்த்தார். சுமப்பதற்குப் பிரெஞ்சில் 'போர்த்தே', எக்ஸ் என்றால் வெளியே, இம் என்றால் உள்ளே என்று உரக்கச் சொல்லிவிட்டு, வண்டியை 'இம்போர்ட்' என்று எழுதியிருந்த வரிசைக்கு ஓட்டச் சொன்னார். போன தடவை அப்பா போய் நின்றது வெளியே போகிறவர்கள் வரிசை. இந்தத் தடவை மாடுகள் அசை போட்டு முடிப்பதற்குள் வண்டி சாவடியைத் தாண்டிவிட்டது. அப்பா மாமாவை ஒரு பார்வை பார்த்தார். வண்டியில் இடம் ஒதுக்கி, தன் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் உட்காரச் சொன்னார்.

அன்றைக்கே கடலூரில் நான் மாமாவின் குட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்.

முனிசிபல் என்று படித்தார். ஹாஸ்பிடல் என்று படித்தார். ரயில் ஸ்டேஷனில் நீளமாக எழுதியிருந்ததையெல்லாம் தடதடவென்று படித்து அர்த்தமும் சொன்னார். ஆனால் கேட்டுக்கு மேலே மூன்று எழுத்தில் ஒரு சின்னப் பலகை இருந்தது. அது என்ன என்று கேட்டேன். அது முக்கியமில்லை என்றார். பால்கடைப் பலகையில் நாலு எழுத்து. அதுவும் முக்கியமில்லை. கதவில் எழுதியிருந்தது, குழாய்க்குப் பக்கத்தில் எழுதியிருந்தது, எதுவும் முக்கியமில்லை. பெரிய பெரிய வார்த்தையெல்லாம் படிக்கிற ஆளுக்குச் சின்ன வார்த்தை ஒன்று கூட வரவில்லை. நான்கூட முதலில் சின்னதைத்தானே படித்தேன். இது எந்த ஊர்ப் படிப்பு?

காரணம் எனக்குப் பிற்பாடு, நானே இங்கிலீஷ் படித்தபோது தெரிந்தது. பால், தண்ணீர், மாடு, வீடு, கதவு இதெல்லாம் அந்தப் பிரெஞ்சு ராஜா வருவதற்கு முன்பே அவர்கள் அடுப்படியிலும் தொழுவத்திலும் பேசிக்கொண்டிருந்த சொற்கள். அவற்றில் லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. கோர்ட்டும் கவர்மெண்டும் டாக்டரும் பேசுகிறதுதான் வெளியிலிருந்து வந்த சரக்கு. மாமாவுக்கு இங்கிலீஷ்காரனின் கச்சேரிக்குள் நுழைய வழி தெரியும், அவன் அடுப்படிக்குள் நுழையத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும், மாமா இங்கிலீஷ் படிக்கவில்லை, பிரெஞ்சைத்தான் இங்கிலீஷ் மாதிரி படிக்கிறார் என்று எல்லோரிடமும் சொன்னேன். சாணி அள்ளப் போனேன்.

அதற்குள் மாமாவின் பெயர் ஊரில் பரவிவிட்டது. தீப்பெட்டி, துணிப் பொட்டலம், மருந்துப் புட்டி என்று ஆளாளுக்குக் கொண்டு வந்தார்கள். பத்துக்கு ஏழு சரியாகச் சொல்லிவிடுவார். மீதி மூன்று முக்கியமில்லாததாகப் போய்விடும். அம்மா தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கல்யாணத்துக்கு அரிசி புடைக்கலாமா என்று கேட்க ஆரம்பித்தாள்.

பங்குனியில் கடலூர்த் தரகர் மறுபடி வந்தார். குமாஸ்தா வீட்டார் பெண் பார்க்க வரத் தயாராக இருக்கிறார்கள் என்றார். மாமாவின் இங்கிலீஷைப் பற்றி அப்பா பெருமையாகச் சொல்ல, தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, பிரெஞ்சிலேயே தேறாதவனுக்கு இங்கிலீஷ் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டுவிட்டார். அப்பா முகம் கறுத்துவிட்டது. சாவடியில் நின்றது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தன்னை யாராவது ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம் வந்தால் என் அப்பா நல்ல மனுஷராக இருக்க மாட்டார்.

அவர் தரகரோடு கடலூருக்குப் போய்விட்டு மறுநாள் வந்தார். அன்றைக்குப் பார்த்து மாமாவும் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தார். வரும்போதெல்லாம் அவர் ரொட்டிக் கடையிலிருந்து முழங்கை நீள ரொட்டி ஒன்று வாங்கி வருவார். எங்கள் ஊரில் ரொட்டி என்பது காய்ச்சல்காரர்கள் தின்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் காய்ச்சல் இல்லாமலே தின்றோம். பிரெஞ்சில் ரொட்டிக்குப் 'பேன்' என்று பெயர். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் தலையைச் சொறிந்து காட்டினேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் ரொட்டி வந்தால், பேன் வந்தாச்சு, ஈர் எங்கே என்று நான் கேட்பது வழக்கம்.

மத்தியானம். முற்றத்து நிழலில் மாமா உட்கார்ந்திருந்தார். அப்பா கை கால் கழுவிவிட்டு வந்து, மடியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். மஞ்சள் மூடி. மேலே இங்கிலீஷ்.

"மச்சான், இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சி சொல்லு. சரியா சொல்லிட்டின்னா வைகாசியில கல்யாணம். இல்லன்னா கடலூர்க்காரங்க வெள்ளிக்கிழமை வராங்க."

அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். சமையல் கட்டில் உலக்கை நின்றது.

மாமா டப்பியைக் கையில் எடுத்தார். மேலே இரண்டே சொல். இரண்டும் நாலு எழுத்து. நான் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். சின்ன வார்த்தை! தொலைந்தார் என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். எல்லாச் சின்ன வார்த்தையிடமும் தோற்றுக்கொண்டே இருந்தவருக்கு, இந்த நேரம் பார்த்துத் தெரிந்த சின்ன வார்த்தை ஒன்று வந்து எதிரில் நிற்கிறது. பே, ஆ, இ, என். முதல் வகுப்புப் பிரெஞ்சுப் புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருக்கிற சொல். எனக்கே தெரியும்.

"பேன்" என்றார் மாமா. "ரொட்டி, மாமா." அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

அப்பா தலையை ஆட்டினார். "ரொட்டியா? டப்பிக்குள்ளயா?"

ரொட்டி இல்லை, ரொட்டிக்குப் போடுகிறது, வெள்ளைக்காரன் ரொட்டியை வெறுமனே தின்ன மாட்டான், வெண்ணெய் மாதிரி ஒன்றைத் தடவித்தான் தின்பான், இரண்டாவது சொல் அந்த வெண்ணெயின் ஜாதி என்று மாமா விளக்கினார். தைரியமாகத்தான் விளக்கினார். பிறகு அப்பா திறந்து காட்டச் சொன்னார்.

மூடி திறந்தது. கற்பூரமும் இன்னும் எதுவோ சேர்ந்து குப்பென்று அடித்தது. எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் நெற்றியில் தினம் அடிக்கிற வாசனை. எனக்குக் கண் கரித்தது. அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. "டேய்..." என்று ஆரம்பித்தாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மாமாவுக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. மூக்கு இருக்கிறவனுக்குப் புரியாமல் போகாது. தப்பு, இது வேறு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வெள்ளிக்கிழமை கடலூர்க்காரர்கள் வருவார்கள்.

"கோயில் பொங்கல்ல நாம பச்சைக் கற்பூரம் போடல? அது மாதிரிதான் மாமா. அவன் வெண்ணெயில போடறான்."

"அப்படியா" என்றார் அப்பா. "ரொட்டி கீதே. தின்னு காட்டு."

மாமா ரொட்டியில் துண்டு துண்டாகப் பிய்த்துத் தட்டில் வைத்தார். விரலால் தைலத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் தடவினார். மெல்லிசாகத்தான் தடவினார், ஆனாலும் தடவினார். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். காது சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. விழுங்கினார். எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்டார். குளிர்ச்சியாக இருக்கிறது என்று பதில் வந்தது. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ரொட்டி என்றால் எனக்கு உயிர். மாமா தின்கிறாரே, ஒருவேளை நிஜமாகவே வெண்ணெயாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். நாக்கில் நெருப்பு பிடித்தது. முற்றத்து மண்ணில் துப்பிவிட்டு, இது தலைவலித் தைலம், வாத்தியார் பூசுகிற தைலம், மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் அன்றைக்கே சொன்னேனே என்று கத்தினேன். அதுவரை சாணி அள்ளியதற்கெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

அப்பா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. தலைவலித் தைலம் என்று கடலூரில் கடைக்காரன் சொல்லித்தான் கொடுத்திருக்கிறான், அம்மாவின் தலைவலிக்காக வாங்கியது. "சின்னது சொல்றதக் கேட்டியா மச்சான்?" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தைலத்தினால் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தாள். மாமாவுக்கு எதிரில் வராதவள், கையில் தவிடு ஒட்டியிருக்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக வந்து தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். வாயில் போட்டு மென்றாள். அவசரப்படவில்லை. முழுவதும் மென்று விழுங்கினாள். இன்னொரு துண்டை எடுத்து, அதில் தைலம் போதாது என்பது போல டப்பியில் விரலை விட்டுத் தடவிக்கொண்டு, அதையும் தின்றாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அதை அவள் துடைக்கவும் இல்லை.

"ரொட்டிக்குப் போடறதுதான், அப்பா" என்றாள். "நல்லாத்தான் கீது."

அப்பாவின் எதிரில் நின்று அவள் அவ்வளவு சொன்னதே அதுதான் முதல் தடவை.

அவள் கை மூன்றாவது துண்டுக்குப் போனது. அப்பா தட்டை நகர்த்திவிட்டார். அவளைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு டப்பியை மூடி அம்மாவிடம் கொடுத்து, தலையில் தேய்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மாமா வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி வாந்தி எடுத்தார். அக்கா ஒரு செம்பு மோரை என் கையில் கொடுத்து, அவரிடம் கொண்டுபோகச் சொன்னாள். உனக்கு வேண்டாமா என்று கேட்டேன். எனக்கு எதற்கு என்றாள். அவள் உதடு வீங்கியிருந்தது.

அந்தச் சொல்லின் கதை எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ரொட்டிக்கு லத்தீனில் 'பானிஸ்'. அது தேய்ந்து பிரெஞ்சில் பேன் ஆனது. குற்றம் செய்தவன் கட்டுகிற தண்டத்துக்குக் கிரேக்கத்தில் 'பொய்னே'. அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சுக்குப் போய், கடல் தாண்டி இங்கிலீஷில் 'பெயின்', வலி என்று ஆனது. வேறு வேறு வேர். இங்கிலீஷில் வந்து எழுத்துகள் மட்டும் ஒன்றாகப் பொருந்திவிட்டன. இத்தனைக்கும் தண்டனைக்குப் பிரெஞ்சில் இருக்கிற 'பென்' என்ற சொல் மாமாவுக்கு நன்றாகவே தெரியும். கீழே இருந்த இரண்டாவது சொல் 'பாம்', அதுவும் அவருக்குத் தெரிந்த தைலம்தான், கிரேக்கத்திலிருந்து வந்த சொல், பிரெஞ்சில் 'போம்' என்பார்கள், நடுவில் ஓர் எழுத்து மாறிக் கடைசியில் ஒன்று குறைந்திருந்தது. ஒரு நிமிஷம் நிதானித்திருந்தால் பிடித்திருப்பார். சந்தோஷத்தில் எவன் நிதானிக்கிறான்?

வெள்ளிக்கிழமை கடலூர்க்காரர்கள் வரவில்லை. அப்பா ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வைகாசியில் அக்காவுக்கும் மாமாவுக்கும் கல்யாணம் என்று அம்மா என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. நேராக வயலுக்கு ஓடினேன். அப்பா கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மாமா தப்பாகத்தானே படித்தார், தப்பாகப் படித்தால் கல்யாணம் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அது தைலம், ரொட்டி இல்லை, நானே தின்று பார்த்தேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா மண்வெட்டியால் மடையைத் திருப்பிவிட்டார்.

"தெரியும் போடி" என்றார்.

தெரிந்துகொண்டே கொடுக்கிறார்! பெரியவர்கள் சொன்ன சொல்லில் நிற்க மாட்டார்கள் என்பதை அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். மாமா எல்லோரையும் ஏமாற்றிவிட்டார், அப்பா ஏமாந்துவிட்டார், சரியாகச் சொன்னவள் நான் ஒருத்திதான், எனக்குப் பரிசாக ஒரு பாவாடை கூட இல்லை. அக்கா விஷயம் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்த எரிச்சலை அவள் எப்படித் தின்றாள் என்று படுத்து யோசித்தேன். யோசித்து யோசித்துக் கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அக்காவுக்கு நாக்கு செத்துப்போயிருக்கிறது. உப்பு, உறைப்பு, புளிப்பு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் இது யாருக்கும் தெரியாது, இந்த நிலைமையில் அவளைக் கட்டிக்கொடுக்கிறார்கள்.

கல்யாணத்தன்று பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்பளக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். பின்னால் தெரிந்து சண்டைக்கு வரக்கூடாது, முன்னாலேயே சொல்லிவிடுவோம் என்று ஒவ்வொருத்தியிடமும் குனிந்து, எங்கள் அக்காவுக்கு நாக்கில் ருசி தெரியாது, அவளைத் தனியாகச் சமைக்க விடாதீர்கள் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்டவர்கள் அடுத்தவளிடம் சொன்னார்கள். பந்தி முழுவதும் சிரிப்பு பரவியது. ஒருத்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவள் என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, உனக்கும் ஒருநாள் அந்த வியாதி வரும் என்றாள்.

எனக்கு அந்த மாதிரி வியாதியெல்லாம் வராது என்று சொல்லிவிட்டு, கூடையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.